இருபத்தொரு கிலோ பசை

ஆரணி கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், நூல் எடை நேர்ப்பாட்டு வரி அலுவலகம் என்று ஒன்றை எழுபத்தெட்டாம் வருஷம் திறந்தார்கள். எதற்காகத் திறந்தார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கே முதல் ஆறு மாதம் தெரியவில்லை என்று கேள்வி. பிறகு மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு திருடன் இருக்கிறான் என்று அதில் கண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை. திருடன் வேண்டுமே.

கிடைத்தவர் லோகநாதன். வீட்டுக்குள்ளேயே, கால் வைக்கத் தரையில் குழி வெட்டி, நான்கு குழித்தறி போட்டுப் புடவை நெய்துகொண்டிருந்த மனிதர். ஒரு தறியில் அவர், ஒரு தறியில் அவர் மனைவி ஜெயம், மற்ற இரண்டில் கூலிக்கு நெய்கிற பழனியும் அவன் தம்பியும். நான்கு தறியும் ஓடினால்தான் இரண்டு வீட்டில் உலை கொதிக்கும். இதில் வரி அலுவலகத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், புடவைக்கு வரி இல்லை, நூலாக விற்றால் உண்டு. லோகநாதன் ஆயுசில் ஒரு சிட்டம், ஒரு சுருள் நூல்கூட விற்றதில்லை.

அவர் செய்த தப்பு வேறு. ஆரணியில் பட்டைச் சிட்டமாக எண்ணிக் கொடுப்பார்கள், சிட்டமாக எண்ணி வாங்குவார்கள். கச்சாப் பட்டு சாயக்காரரிடம் போகும். அவர் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிநீரில் அவிப்பார். பட்டைச் சுற்றியிருக்கும் பசை கரைந்து போகும். கிலோவுக்குக் கால் கிலோ குறையும். பிறகு சாயம் ஏறும், மினுமினுப்பு வரும். ஆனால் பத்து சிட்டம் போனால் பத்து சிட்டம்தான் திரும்பி வரும் என்பதால் எடையைப் பற்றி அங்கே எவனும் கவலைப்பட்டதில்லை. லோகநாதன் ஐந்தாவது தறிக்கு பாங்கியில் கடன் கேட்டார். சுத்தமான கணக்கு கொண்டுவா என்றார்கள். வேலூரில் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் எழுதியதாகச் சொல்லிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை ரங்கசாமியைப் பிடித்தார். அவர், சிட்டமாவது கிட்டமாவது, எல்லாம் கிலோவில் இருந்தால்தான் கணக்கு என்று எழுதித் தள்ளிவிட்டார். போன பட்டு எண்பத்து நான்கு கிலோ. வந்த பட்டு அறுபத்து மூன்று. பாங்கி கடன் கொடுக்கவில்லை. கணக்கு மட்டும் சுத்தமாக இருந்தது.

மற்றவர்கள் கணக்கே எழுதவில்லை. ஆகவே அவர்களிடம் குறை எதுவும் காணப்படவில்லை.

அந்தச் சுத்தமான கணக்கு பாங்கியிலிருந்து மாடி அலுவலகத்துக்குப் போயிற்று. நோட்டீஸ் வந்தது. இருபத்தொரு கிலோ பட்டு நூலை மறைத்து விற்றதற்கு வரியும், மறைத்ததற்கு அபராதமும், ஒரு மாதத்தில் கட்டாவிட்டால் தறிகள் ஜப்தி என்றும் போட்டிருந்தது. லோகநாதன் அதை ரங்கசாமியிடம் கொண்டு ஓடினார். ரங்கசாமி அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பூரித்துப் போனார். "இந்த ஊர்ல மொத மொத நம்ம கணக்கதான் எடுத்துப் படிச்சிகிறாங்க," என்றார். பதில் எழுதிக் கொடுக்கத் தனியாகக் கூலி கேட்டார்.

அதிகாரியின் பெயர் மாணிக்கவேல். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மேசைமேல் ஒரு சின்னத் தராசு வைத்திருப்பார். வருகிற தபாலைக்கூட நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். லோகநாதனை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், குமாஸ்தா வேலுவை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"இருபத்தொரு கிலோ எங்க போச்சு?"

"பசைங்க சார். அவிச்சா பூடும்."

"பூடும்னா எங்க பூடும்?"

"தண்ணியில சார். தண்ணிய சாக்கடையில ஊத்திடுவாங்க."

"ஊத்தினதுக்கு ரசீது?"

சாக்கடையில் ஊற்றியதற்கு ரசீது கொடுப்பார்கள் என்று லோகநாதனுக்கு இத்தனை வயசாகியும் தெரியாது. மாணிக்கவேல் பரிவோடு முன்னால் சாய்ந்தார்.

"நான் உங்கள நம்புறேன். மனுஷனா நம்புறேன். ஆனா இந்த நாற்காலியில ஒக்காந்துட்டா நான் மனுஷன் இல்ல. அது என்னைப் பாத்தாலே தெரியும்."

வேலு அதையும் எழுதிக்கொண்டான்.

சாக்கடைக்குப் பொறுப்பான அலுவலகம் ஒன்று இருந்தது. லோகநாதன் அங்கே நாயாக அலைந்தார். இருபத்தொரு கிலோ பசை இந்த வருஷம் உங்கள் சாக்கடையில் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். அங்கிருந்தவர், இவ்வளவு பசையை ஊற்றினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் லோகநாதன், வழி பிறந்துவிட்ட சந்தோஷத்தில். பொதுச் சாக்கடையைக் கெடுத்ததற்கு உடனே அபராதம் போட்டார்கள். லோகநாதன் அதை வாய்கொள்ளாச் சிரிப்போடு கட்டி, ரசீதை மடியில் முடிந்துகொண்டு மாடியேறினார். மாணிக்கவேல் ரசீதைத் தராசில் வைத்துப் பார்த்தார். பசை என்று இருக்கிறதே தவிர அது பட்டின் பசை என்று இல்லையே, தபால் ஒட்டுகிற பசையாகவும் இருக்கலாமே என்றார். அதில் நியாயம் இருப்பதாக லோகநாதனுக்கே ஒரு கணம் பட்டுவிட்டது. அதுதான் அந்த அலுவலகத்தின் சாமர்த்தியம்.

கடைசியில் அவர், சார், உங்கள் கண்ணெதிரே ஒரு கிலோ அவித்துக் காட்டுகிறேன், குறைகிறதா இல்லையா பாருங்கள் என்று கேட்டார். மாணிக்கவேலுக்கு அது பிடித்திருந்தது. மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கினார். கீழே பாத்திரக் கடையில் ஓர் அண்டா வாடகைக்கு வந்தது. மொட்டை மாடியில் அடுப்பு மூட்டினார்கள். பழனி விறகு தள்ளினான். அலுவலகமே கைகட்டிச் சுற்றி நின்றது, ஏதோ யாகம் நடக்கிற மாதிரி. ஒரு கிலோ கச்சாப் பட்டை நிறுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, அண்டாவில் இறக்கினார்கள். நுரை பொங்கியது. தண்ணீர் கலங்கிக் கொழகொழவென்று ஆனது. லோகநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாருங்கள் சார், பசை, பசை என்று காட்டிக்கொண்டே இருந்தார்.

ஆனால் விதிமுறை ஒன்று இருந்தது. கொதியிலிருந்து எடுத்த உடனே நிறுக்க வேண்டும். காயப்போட்டால் நடுவில் யாராவது கொஞ்சம் எடுத்துவிடக்கூடும் என்று மேலிடம் முன்யோசனையோடு எழுதியிருந்தது. எடுத்தார்கள். சொட்டச் சொட்டத் தராசில் வைத்தார்கள். ஒன்றரைக் கிலோ இருந்தது.

"எடை கூடிகிது சார்," என்றான் வேலு.

"சார், ஈரம் சார். காயட்டும்," என்று லோகநாதன் கும்பிட்டார்.

"காஞ்சா குறையறது தண்ணி," என்றார் மாணிக்கவேல். "தண்ணி குறையும்ங்கறத இந்த ஆபீஸ் மறுக்கல. நம்ம பேச்சு பசையப் பத்தி."

அடுத்த வாரம் திருத்திய உத்தரவு வந்தது. அவித்தால் ஒரு கிலோ ஒன்றரைக் கிலோ ஆகிறது என்பது அரசு முன்னிலையில் நிரூபணமாகிவிட்டது. ஆகவே எண்பத்து நான்கு கிலோ நூற்று இருபத்தாறாக வந்திருக்க வேண்டும். வந்ததாகக் காட்டியது அறுபத்து மூன்று. மறைத்து விற்றது, முன்பு தவறுதலாகக் குறைத்துச் சொன்ன இருபத்தொன்று அல்ல, அறுபத்து மூன்று. தானாக முன்வந்து உண்மையை வெளிக்கொணர்ந்ததற்காக லோகநாதனுக்கு அபராதத்தில் சிறு சலுகை காட்டியிருந்தார்கள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போய் ஜெயத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. செத்துத் தொலையலாமா என்று நிஜமாகவே யோசித்தார். செத்தால் எரிப்பார்கள். சாம்பலை நிறுத்துப் பார்த்துவிட்டு, ஆள் இவ்வளவு எடை இருந்தாரே, மீதி எங்கே என்று ஜெயத்துக்கு நோட்டீஸ் கொடுப்பார்கள். அந்த யோசனையையும் விட்டுவிட்டு எழுந்து நடந்தார்.

மேல்முறையீடு செய்யலாம், பாதிப் பணத்தை முன்னால் கட்ட வேண்டும் என்றார் ரங்கசாமி. தேவிகாபுரத்தில் ஜெயத்துக்குத் தாய் வீட்டில் கொடுத்த துண்டு நிலம் இருந்தது. ஜெயம் பஸ் ஏறிப் போய் அதை அடமானம் எழுதிக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். வந்தவள் தறியில் உட்கார்ந்தாள். அன்று முழுவதும் அவள் தறிச் சத்தம் மட்டும்தான் வீட்டில் கேட்டது. லோகநாதனுக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இனி அடுத்த வருஷத்துக் கணக்கு இருக்கிறது. அதிலும் குறைந்தால் தறி போய்விடும். லோகநாதன் மூன்று நாள் சோறு இறங்காமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கேட்டதும் பழனிக்குத் தலை சுற்றியது.

"பட்ட அவிக்காமலே நெய்யறதா? இன்னா மொதலாளி சொல்றீங்க? அது பட்டா, கம்பியா?"

"எடை கொறையக் கூடாதுடா பழனி. அவிச்சாதான கொறையுது? அவிக்காத நெய்ஞ்சுட்டா?"

ஆரணியில் பட்டுத் தறி என்று ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து யாரும் செய்யாத காரியத்தை லோகநாதன் செய்தார். சாயக்காரர் சூடுபட்டால் பசை இளகும் என்று பச்சைத் தண்ணீரில் சாயத்தைக் காட்டினார். அது ஏறினதும் ஏறாததுமாய் நின்றது. மயில் கழுத்து நிறம் கேட்டால் மழைக்கால மேகம் மாதிரி வந்தது. குறுக்கிழையைக் கொண்டுபோகிற நாடா ஓட மறுத்தது. இழை அறுந்துகொண்டே இருந்தது. ஜெயத்தின் விரல்கள் வெட்டுப்பட்டன. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு நெய்தாள். ஒரு புடவை இறங்க முன்பைப்போல் இரண்டு மடங்கு நாள் பிடித்தது. இறங்கின புடவையை மடிக்க முடியவில்லை. சுருட்டிச் சுவரோரம் வைத்தால் நிமிர்ந்து நின்றது.

வருஷக் கடைசியில் மாணிக்கவேல் வந்து பார்வையிட்டார். போனது எண்பத்து நான்கு. வந்தது எண்பத்து நான்கு. அவர் கண் கலங்கியதைப் பழனி பார்த்ததாகச் சொன்னான். தறிக் குழியருகே நின்றுகொண்டு அவர் ஒரு பிரசங்கமே செய்தார்.

"பாருங்க, சட்டம் வந்தா பட்டு கூட ஒழுங்கா நடந்துக்குது. போன வருஷம் குறைஞ்ச அதே பட்டுதான். இந்த வருஷம் ஏன் குறையல? பயம். என் மேல பயம் இல்ல. ஆபீஸ் மேல."

முன்மாதிரி வணிகர் என்று முத்திரை போட்டு ஒரு பத்திரம் கொடுத்தார். பக்குவமான பட்டு என்று அதில் தன் கையாலேயே எழுதினார். போகும்போது, மாதிரிக்காக என்று சொல்லி ஒரு புடவையை எடுத்துக்கொண்டார். லஞ்சம் வாங்குகிற ஆள் இல்லை அவர். மாதிரி எடுத்ததற்கு முறைப்படி ரசீது கொடுத்தார்.

வெளியே யாரும் அந்தப் புடவையை வாங்கவில்லை. போளூர்க் கடைக்காரர் ஒருவர் மட்டும் பழகின முகத்துக்காக ஒன்று எடுத்தார். கல்யாணப் பெண் மணையில் உட்கார்ந்தாளாம், புடவை உட்காரவில்லையாம். அதுவும் திரும்பி வந்தது. வீட்டுச் சுவரோரம் புடவைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. விருந்தாளிகள் வந்து கூட்டமாக நிற்கிற மாதிரி இருந்தது. அவர்களுக்குச் சோறு போட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். வீட்டு மனிதர்களுக்கே போட முடியவில்லை. பழனியின் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

இதற்குள் அதிகாரியின் வீட்டில் ஒரு சம்பவம் நடந்தது. மாதிரிப் புடவையை அவர் மனைவி கட்டிப் பார்த்து, இடுப்பெல்லாம் கீறிக்கொண்டு, கோபத்தில் சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் முக்கிவிட்டாள். காய்ந்த பிறகு அது பூவாக இருந்தது. மாணிக்கவேல் பழக்க தோஷத்தால் நிறுத்துப் பார்த்தார். கால் பங்கு குறைந்திருந்தது. அன்றைக்கு அவர் தூங்கவில்லை என்று வேலு பிறகு சொன்னான். மறுநாளே, பட்டில் பசை உண்டென்றும் அவித்தால் கால் பங்கு குறையும் என்றும் தாம் கண்டுபிடித்ததை மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் வியந்தது. இனிமேல் எல்லாப் பட்டும் கால் பங்கு குறைந்தே தீர வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டது.

செய்தி கேட்டு லோகநாதன் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தார். ஜெயம் ஒரு வருஷத்துக்குப் பிறகு சிரித்தாள். மேல்முறையீட்டில் போட்ட பணம் வந்துவிடும், நிலத்தை மீட்டுவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தபோதே வேலு நோட்டீஸோடு வந்து நின்றான். போன பட்டு எண்பத்து நான்கு கிலோ. சுற்றறிக்கைப்படி அறுபத்து மூன்றுதான் வந்திருக்க வேண்டும். வந்திருப்பதோ எண்பத்து நான்கு. ஆகவே கணக்கில் காட்டாமல் இருபத்தொரு கிலோ பட்டைக் கள்ளத்தனமாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். மேல்முறையீடும் தள்ளுபடி. சுற்றறிக்கை தேதிக்கு முன்னால் பட்டில் பசை இருந்ததாக அரசு கருதவில்லை.

லோகநாதன் ஓடினார். இந்தத் தடவை அவர் உட்காரவில்லை.

"சார், போன வருஷம் பசையே இல்லன்னீங்க. இந்த வருஷம் கீதுன்றீங்க. பட்டு ஒரே பட்டு தான சார்?"

"பட்டு ஒண்ணுதான். வருஷம் வேற," என்றார் மாணிக்கவேல் பொறுமையாக. "என் வீட்டுக்காரி தொவைக்கிற வரைக்கும் எனக்கே தெரியாது. எனக்குத் தெரியாதது எப்படி உண்மையா இருக்க முடியும்?"

"நான் அவிக்கவே இல்லீங்க. பசை உள்ளயேதான் கீது."

"அவிக்காத பட்டுல யாராவது நெய்வாங்களா? நெய்ஞ்சா எவ கட்டுவா? நீங்களே சொல்லுங்க. பக்குவமான பட்டுன்னு பத்திரத்துல நானே எழுதியிருக்கேன்."

"அத்தினி பொடவயும் நிக்குது சார் வீட்டுல. இப்பவே அவிச்சுக் காட்றேன். கொறையுதா பாருங்க."

"தாராளமா அவிங்க. ஆனா கொதியிலேர்ந்து எடுத்த உடனே நிறுக்கணும். அந்த விதி அப்படியேதான் இருக்கு."

மாணிக்கவேல் எழுந்து வந்து லோகநாதன் தோளைத் தொட்டார். இந்தக் கண்டுபிடிப்புக்காகத் தமக்குப் பதவி உயர்வு வருகிறது, எல்லாம் உங்களால்தான் என்றார். தாம் நன்றி மறக்கிறவர் இல்லை, அதனால்தான் ஜப்தியை வெள்ளிக்கிழமை வைக்காமல் திங்கட்கிழமை வைத்திருப்பதாகவும் சொன்னார்.

திங்கட்கிழமை வந்தார்கள். நான்கு தறியையும் கழற்றினார்கள். புடவைகளை மடிக்க முடியாமல் வண்டியில் நிற்கவைத்தே ஏற்றினார்கள். ஜெயம் தன் தறியின் மிதிபலகையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். வேலு அவள் விரல்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. பலகையும் போயிற்று. கடைசியில் குழிகளில்தான் சிக்கல் வந்தது. குழித்தறி என்றால் குழியும் சேர்த்துத்தான் தறி. அதை எப்படித் தூக்கிப் போவது? கலந்து பேசி, நான்கு குழியும் அரசின் சொத்து, லோகநாதன் அவற்றைப் பத்திரமாகக் காக்க வேண்டும், மூடவோ பயன்படுத்தவோ கூடாது என்று ஆழத்தை அளந்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு லோகநாதனும் ஜெயமும் அடுத்த தெருவில் வேறொருவர் தறியில் கூலிக்குப் போனார்கள். சாயங்காலம் வீடு திரும்பினால் இருட்டில் குழியில் விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். படுக்க இடமில்லாமல் இரண்டு குழிகளுக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்தார்கள்.

வருஷம் திரும்பியதும் குழிகளைச் சரிபார்க்கப் புது அதிகாரி அளவுகோலோடும் தராசோடும் வந்தார். கூட வேலு. முதல் குழியிலேயே ஒரு விரல் ஆழம் குறைந்திருந்தது. எங்கிருந்து வந்தது இந்த மண், கொள்முதல் ரசீது உண்டா என்று கேட்டார். லோகநாதன் குழியில் இறங்கப் போனார்.

"எறங்காதீங்க," என்றாள் ஜெயம். "அவங்களே அளந்துகினு போவட்டும்."

லோகநாதன் கேட்கவில்லை. இறங்கினார். இறங்கியதும் பழக்கத்தில் அவர் கால்கள் இல்லாத மிதிபலகையைத் தேடி இரண்டு தடவை மேலும் கீழும் போயின. பிறகு குனிந்து, காற்றில் வந்து சேர்ந்திருந்த தூசியையும் மண்ணையும் கையால் வாரி அதிகாரி நீட்டிய தராசுத் தட்டில் போட்டார்.

"என்ன இது?"

"பசைங்க," என்றார் லோகநாதன். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "போனது கொஞ்ச கொஞ்சமா திரும்பி வந்துகினு கீது சார்."

அதிகாரி வேலுவைப் பார்த்தார். வேலு பழைய கோப்பைப் புரட்டி, ஆமாம் சார், இருபத்தொரு கிலோ வர வேண்டியிருக்கிறது என்றான். நிறுத்தார்கள். ஒரு கிலோ இருந்தது. பசை வரவு ஒரு கிலோ, பாக்கி இருபது என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாக்கிக்கு அடுத்த வருஷம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

லோகநாதன் குழிக்குள் நின்றபடியே அவர்களைக் கும்பிட்டார்.